கோணேசர் மலையில் கிடைக்காத மகரந்தம்: பேரழிவு எல்லையைப் படிக்கத் திருகோணமலையிலிருந்து பழகுவது எப்படி

பழைய படைகளில் புதைந்த மகரந்தத்தை எண்ணினால், ஒரு பேரழிவுக்கு முன்னும் பின்னும் என்ன செடிகள் இருந்தன என்று தெரியும். அதற்காகக் கோணேசர் மலைக் கல்லை உடைத்து மகரந்தம் தேட வேண்டாம். அந்தக் கல் பூமிக்கடியில் 700 பாகை செல்சியசுக்கு மேல் வெந்து உருமாறி 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தரைத் தாவரங்கள் வித்தி (பன்னம் போன்ற விதையில்லாச் செடிகள் பெருகும் நுண்மணி) சிந்தத் தொடங்கியதோ ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். புத்தளம் மாவட்டத்துத் தப்போவை, ஆண்டிகமப் பக்கத்து ஜுராசிக் படைகள் டைனோசர்களின் முடிவுக்கு மிகவும் முந்தியவை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மிகவும் பிந்தியது. டைனோசர்களின் முடிவைப் பாறையில் குறிக்கும் கோடுதான் பேரழிவு எல்லை. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய அந்த எல்லையை ஒட்டிய பாறைகளை நமக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் கடல் தாண்டித் தமிழ்நாட்டின் அரியலூர்ப் பக்கம் போக வேண்டும்.

இருந்தாலும் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளத் திருகோணமலை நல்ல இடம். களப்புச் சேற்றில் மகரந்தம் ஏராளம். கண்டல், நெல், தென்னை, பனை, சவுக்கு என்று அடையாளம் காண எளிதான மணிகள். சேற்றில் கையும் கண்ணும் பழகியவருக்குத்தான் அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் எடுத்த பேரழிவு எல்லை வரைபடங்களில் (ஒவ்வோர் ஆழத்திலும் எந்த மகரந்தம் எத்தனை சதவீதம் என்று காட்டுபவை) எதை நம்பலாம், எங்கே சந்தேகப்படலாம் என்று தெரியும். நேரே வரைபடத்துக்குப் போகிறவர்கள் முதல் மேட்டைப் பார்த்ததும் ‘பன்னங்கள் பெருகிவிட்டன’ என்று எழுதிவிடுவார்கள். அது ஏன் அவசரம் என்பது கீழே ஒரு கணக்கில் தெரியும்.

எதைத் தேடுகிறோம்

மகரந்தமணிக்கும் வித்திக்கும் ஸ்போரோபொலெனின் என்ற பொருளாலான புறச்சுவர் உண்டு. அமிலம் அதை எளிதில் கரைக்காது. காற்றும் வெயிலும் கரைக்கும். அதனால் நீருக்கடியில், ஒட்சிசன் புகாத சேற்றில் புதைந்தவை மிஞ்சுகின்றன. சிவந்த மண்ணிலும் சிவந்த கல்லிலும் தேடுவது வீண். கரும்சாம்பல் நிறச் சேற்றுக்கல், நிலக்கரி, களி என்பவையே நமக்கு வேண்டியவை. பெரும்பாலான மணிகள் 10 முதல் 100 மைக்ரோமீற்றர் வரை இருக்கும். நீரில் இவை நுண்சேறு போலவே நடந்துகொள்ளும். ஆகவே மணற்படையில் மணிகள் குறைவாக இருந்தால், செடிகள் குறைந்துவிட்டன என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அலை அவற்றை வேறிடத்துக்குக் கொண்டுபோயிருக்கும்.

முதலில் ஒப்பீட்டு வழுக்கிகள்

சேறு எடுக்கும் முன் ஊரிலுள்ள 25 செடிகளின் மகரந்தத்தை வழுக்கியில் (நுணுக்குக்காட்டியில் வைக்கும் கண்ணாடித் துண்டில்) ஏற்றி வையுங்கள். இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் பிறகு ஒவ்வொரு மணியையும் ‘தெரியாதது’ என்று எண்ணி முடிப்பார்கள்.

செவ்வரத்தையில் தொடங்கலாம். 100 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்ட முள்ளுருண்டை அது, சிறிய பெருக்கத்திலேயே தெரியும். நெல் மணியில் ஒரே ஒரு துளை, அதைச் சுற்றி வளையம். தென்னையில் நீளவாக்கில் ஒரு பிளவு. பனையிலும் ஒரு பிளவுதான், ஆனால் மேற்பரப்பு முண்டும் முடிச்சுமாக இருக்கும். சவுக்கில் மூன்று துளைகள். கண்டல் மணி சிறியது, 20 மைக்ரோமீற்றர் அளவு. அன்னமுன்னாவைக் கட்டாயம் சேருங்கள். அதன் மகரந்தம் நான்கு நான்காக ஒட்டியே உதிரும், அதன் பயன் கட்டுரையின் கடைசியில் வரும்.

பன்னங்களில் இரண்டு வகை வேண்டும். கண்டற்காட்டு ஓரத்தில் ஆளுயரம் வளரும் பெரிய பன்னத்தின் வித்தியில் மூன்று கதிராகப் பிரியும் வடு இருக்கும். பூச்சாடியில் வளர்க்கும் வாட்பன்னத்தின் வித்தி அவரை விதை வடிவம், அதில் ஒற்றைக் கோட்டு வடு. பேரழிவு எல்லைக்கு மேலே வருபவையும் இந்த இரண்டு வகைகளே. முதிர்ந்த இலையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே பத்திரிகைத் தாள் மூடி ஓர் இரவு வைத்தால் காலையில் கபிலத் தூள் உதிர்ந்திருக்கும்.

ஏற்றுவதற்குக் கிளிசரின் செலி: செலற்றின் 10 கிராம், நீர் 50 மில்லிலீற்றர், கிளிசரின் 60 மில்லிலீற்றர். செலற்றினை நீரில் 1 மணி நேரம் ஊறவைத்து, வெந்நீரில் வைத்து உருக்கி, கிளிசரினைக் கலக்குங்கள். கொதிக்கவிட்டால் பிறகு உறையாது. நமது வெக்கையில் சில நாட்களில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் பீனோல் துளி சேர்ப்பது வழக்கம். பீனோல் தோலைச் சுடும், பழகியவர் கையால் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மணிகள் தெளிவாகத் தெரியச் சபிரனின் என்ற சிவப்புச் சாயம் சிறு துளி போதும்.

ஆய்வுகூடங்களில் புது மகரந்தத்தை 9 பங்கு அசற்றிக் நீரிலிக்கு 1 பங்கு செறிந்த சல்பூரிக்கமிலம் சேர்த்து வேகவைப்பார்கள். உள்ளே இருப்பதெல்லாம் கரைந்து சுவர் மட்டும் மிஞ்சும், அதனால் உயிர்ச்சுவட்டோடு நேரே ஒப்பிட முடியும். அந்தக் கலவையில் நீர் பட்டால் வெடித்துச் சிதறும். பாடசாலையிலோ வீட்டிலோ செய்யும் காரியம் அல்ல.

சேறு எடுத்தல்

ஆவணி வாக்கில் களப்பின் நீர் வற்றும்போது போங்கள். மாரியில் நீர்மட்டம் ஏறி, அடியும் கலங்கிக் கிடக்கும். உப்பாறு, குச்சவெளி, கொட்டியாரக்குடா ஓரம் என்று இடங்கள் உண்டு. காப்பகங்களிலும் கண்டற்காடுகளிலும் உரிய திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் தோண்டக்கூடாது. தனியே போகவும் வேண்டாம், முழங்கால் வரை புதையும் சேறு இடுப்பு வரையும் புதைக்கும்.

2 அங்குல பிவிசி குழாய் 1 மீற்றர் நீளம், ஒரு முனையை உள்ளிருந்து கூராக அரத்தால் தேயுங்கள். நேராக அழுத்திச் செலுத்துங்கள், சுழற்ற வேண்டாம். நின்றதும் குழாய்க்குள்ளே சேறு எவ்வளவு கீழே இருக்கிறது, வெளியே எவ்வளவு என்று இரண்டையும் அளந்து குறியுங்கள். 80 சென்ரிமீற்றர் செலுத்தி உள்ளே 64 சென்ரிமீற்றர் சேறுதான் இருந்தால் சேறு நெரிந்திருக்கிறது. இதை எழுதாமல் வந்தால் எல்லா ஆழமும் பிழைக்கும். மீதி இடத்தை நீரால் நிரப்பி மூடியை இறுக்கி, பிறகு மெல்ல இழுங்கள். மூடாமல் இழுத்தால் அடிச்சேறு வழுக்கிக் கீழேயே நின்றுவிடும். மேல், கீழ் என்று குழாயிலேயே எழுதுங்கள். தலைகீழாக அறுத்த சேறு காட்டும் வரலாறும் தலைகீழ்தான்.

குழாயை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, அறுத்த முகத்தைக் கத்தியால் குறுக்காக வழியுங்கள். நீளவாக்கில் வழித்தால் மேல்மகரந்தம் கீழே இழுபடும். 2.5 மில்லிலீற்றர் ஊசிக்குழாயின் முனையை வெட்டிவிட்டால் 1 கன சென்ரிமீற்றர் சேற்றைத் துல்லியமாக எடுக்கலாம். கீழிருந்து மேலாக எடுங்கள், ஒவ்வொரு முறையும் கழுவுங்கள்.

நடுவில் ஒரு வெண்மணற் படை தெரிந்தால் அது நல்ல பயிற்சிக் களம். 2004 டிசெம்பர் 26 சுனாமி கொட்டிய மணலாக இருக்கலாம், புயல் மணலாகவும் இருக்கலாம். எதுவானாலும் அதன் கீழ் 5 சென்ரிமீற்றர், மேல் 5 சென்ரிமீற்றர் வரை ஒவ்வொரு சென்ரிமீற்றரிலும் மாதிரி எடுங்கள். திடீர் நிகழ்வொன்றின் இரு பக்கமும் எப்படித் தோன்றும் என்பது இதில் விளங்கும். மணற்படைக்குள்ளும் ஒன்று எடுங்கள், அதில் மணிகள் சரிந்து போவதைக் கண்ணால் காண வேண்டும்.

சேற்றிலிருந்து வழுக்கிக்கு

சிப்பித்தூள் இருந்தால் முதலில் 10 சதவீத ஐதரோகுளோரிக்கமிலத்தைத் துளித்துளியாக விடுங்கள். நுரை அடங்கும் வரை பொறுக்க வேண்டும், ஒரேயடியாக ஊற்றினால் நுரையோடு மகரந்தமும் முகவைக்கு வெளியே போய்விடும். மூன்று முறை நீரால் கழுவுங்கள். பிறகு 10 சதவீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் 10 மில்லிலீற்றர் விட்டு, வெந்நீர்த் தொட்டியில் 10 நிமிடம் வையுங்கள். கரைசல் தேயிலைச் சாயம் போலாகும், உக்கல் கரைகிறது என்று பொருள். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த இரண்டையும் தொடாதீர்கள். அமிலத்தை நீருக்குள் விடுங்கள், நீரை அமிலத்துக்குள் விடக்கூடாது.

180 மைக்ரோமீற்றர் வலையால் சல்லடை போட்டு வேரையும் சருகையும் நீக்குங்கள். கீழே இறங்கியதை 10 மைக்ரோமீற்றர் நைலோன் வலையில், வடியும் நீர் தெளியும் வரை கழுவுங்கள். 20 மைக்ரோமீற்றர் வலைதான் கிடைத்தது என்று அதைப் பயன்படுத்தினால் கண்டல் மணிகள் தொட்டியோடு போய்விடும். பிறகு ‘இங்கே கண்டல் இருக்கவில்லை’ என்று எழுதுவீர்கள்.

மிஞ்சிய மணலைப் பிரிக்க விலையுயர்ந்த கனத்திரவம் தேவையில்லை. அரிக்கன்சட்டியில் அரிசி அரிக்கத் தெரிந்தவருக்கு இது கைவந்த கலை. கடிகாரக் கண்ணாடியில் சிறிது நீரோடு விட்டுச் சுழற்றினால் மணல் நடுவில் தங்கும், மகரந்தம் நீரோடு சரியும். சரிந்ததைச் சேருங்கள், மூன்று தரம் செய்யுங்கள்.

பற்றறிக்கு ஊற்றும் வடிநீரே எல்லாவற்றுக்கும் போதும். கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் யன்னலை மூடுங்கள். வெறும் நீரை மட்டும் இதே படிகளில் ஓட்டி ஒரு வழுக்கி செய்யுங்கள். அதில் சவுக்கும் புல்லும் தெரிந்தால் அவை உங்கள் அறையிலிருந்து வந்தவை.

எண்ணுதல்

400 மடங்கு பெருக்கம் போதும், நுட்பம் பார்க்க 1000. வழுக்கியை ஓரத்திலிருந்து ஓரம் வரை கோடு கோடாக நகர்த்துங்கள். நடுவை மட்டும் எண்ணக்கூடாது, மூடித்துண்டின் கீழ் சிறிய மணிகள் ஓரத்துக்கு ஒதுங்கும். ஒரு மாதிரிக்கு 300 மணிகள். தெரியாததையும் எண்ணிப் படம் வரைந்து ‘தெரியாதது 1’, ‘தெரியாதது 2’ என்று பெயரிடுங்கள். உடைந்தவற்றை வேறாக எழுதுங்கள்.

300இல் 30 மணிகள் பன்னம் என்றால் 10 சதவீதம். உண்மை அளவு 7க்கும் 14க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். எனவே 10 இலிருந்து 13க்கு ஏறியதை மாற்றம் என்று எழுத வேண்டாம். 300 எண்ணியும் ஒரு வகை ஒன்றுகூட அகப்படவில்லை என்றாலும் அது 1 சதவீதம் வரை இருந்திருக்கலாம். அரிய செடியின் கடைசி மணி நமக்கு அகப்படுவது அதன் உண்மையான முடிவுக்கு முன்பாகவே இருக்கும். அதனால் திடீர் அழிவுகூடப் படிப்படியான தேய்வு போலத் தோன்றும். தொல்லுயிரியலாளர்கள் சிக்னரும் லிப்ஸும் 1982இல் எழுதிய இந்தக் கோளாறு, பேரழிவு பற்றிய எந்தத் தரவைப் படிக்கும்போதும் மனத்தில் இருக்க வேண்டும்.

சதவீதம் செய்யும் கண்கட்டு

இனி அந்தக் கணக்கு. விளக்கத்துக்காக நாமே இட்ட எண்கள் இவை. எல்லைக்குக் கீழே 10 கிராம் கல், மேலே 10 கிராம் கல். இரண்டிலும் 20,000 அடையாள வித்திகளை (செறிவைக் கணக்கிட வெளியிலிருந்து எண்ணிச் சேர்ப்பவை) கலந்தோம். கீழ்மாதிரியில் 300 எண்ணும்போது 60 பன்ன வித்தி, 240 மகரந்தம், கூடவே 100 அடையாள வித்திகள் வந்தன. மேல்மாதிரியில் 300 எண்ணும்போது 240 பன்னம், 60 மகரந்தம், ஆனால் 400 அடையாள வித்திகள்.

சதவீதத்தில் பன்னம் 20 இலிருந்து 80க்குப் பாய்ந்துவிட்டது. இப்போது செறிவைப் பாருங்கள். கீழே 300ஐ 100ஆல் பிரித்து, 20,000ஆல் பெருக்கி, 10 கிராமால் பிரித்தால் கிராமுக்கு 6,000 மணிகள். அதில் பன்னம் 1,200, மகரந்தம் 4,800. மேலே அதே கணக்கில் கிராமுக்கு 1,500 மணிகள். அதில் பன்னம் 1,200, மகரந்தம் 300. பன்னம் ஒன்றுகூடக் கூடவில்லை. மற்றவை சரிந்தன, அவ்வளவுதான். வரைபடத்தில் தெரிந்த மேடு உண்மையில் ஒரு பள்ளம். (படிவு விழும் வேகம் மாறினால் செறிவும் ஏமாற்றும் என்பதால் இதுவும் கடைசித் தீர்ப்பு அல்ல.)

அடையாள வித்திகள் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து மாத்திரை போன்ற வில்லைகளாக வருகின்றன, எத்தனை வித்தி என்று ஒவ்வொரு தொகுதிக்கும் எண் உண்டு. அமிலம் விட்டதும் வில்லை நுரைத்துக் கரையும். இதில் ஒரு பொறி இருக்கிறது: அவை லைக்கோபோடியம் என்ற, பன்னமல்லாத செடியின் வித்திகள், மூன்று கதிர் வடு உள்ளவை. பன்னத்தைத் தேடும் வேலையில் புதியவர் அவற்றையும் பன்னமாக எண்ணி ஒரு ‘பன்ன மேட்டை’த் தானே உண்டாக்கிவிடலாம். வலைபோன்ற மேற்பரப்பைப் பார்த்துப் பழகுங்கள். வில்லை கிடைக்காவிட்டால், எச்சத்தைச் சரியாக 1 மில்லிலீற்றராக்கி நன்கு கலக்கி, 0.02 மில்லிலீற்றரை ஏற்றி முழு வழுக்கியையும் எண்ணி 50ஆல் பெருக்குங்கள்.

இனி உண்மையான எல்லை

டைனோசர்களின் முடிவுக்கு விண்கல் மோதலே காரணம் என்று 1980இல் அல்வாரெசும் குழுவினரும் சொன்ன ஆதாரம் இரிடியம், பூமியின் மேலோட்டில் அரிதாகவும் விண்கற்களில் கூடுதலாகவும் உள்ள உலோகம். அடுத்த ஆண்டே ஓர்த்தும் குழுவினரும் நியூ மெக்சிக்கோவின் ராற்றன் படுகையில் அதே இரிடியத்தைத் தரைப்படிவில் கண்டார்கள். அதே மட்டத்தில் பூக்கும் தாவரங்களின் மகரந்தம் சரிந்து, பன்ன வித்திகள் எகிறின. கடலில் அல்ல, சதுப்பு நிலத்தில் கிடைத்ததுதான் அதன் பலம். நியூசிலாந்தின் மூடி கிறீக் சுரங்கத்தில் எல்லைக்கு மேல் பன்ன வித்திகள் 90 சதவீதமளவுக்கு ஏறின. அதற்கும் முன் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் தடிப்பில் பூஞ்சைகள் நிறைந்த ஒரு படை கிடக்கிறது. ஒளி குன்றி, செத்த மரம் குவிந்த காலம். பன்னம் முந்திக்கொள்வது வியப்பல்ல. 1883இல் இந்தோனேசிய எரிமலை கிரக்கத்தோவா வெடித்து மூன்று ஆண்டுகளில் அங்கே போன தாவரவியலாளர் திறொய்ப் கண்டதும் பன்னங்களின் ஆட்சியைத்தான். காற்றில் பறக்கும் ஒற்றை வித்தி போதும், பூச்சியும் துணையும் வேண்டாம்.

வரைபடத்தை எடுத்ததும் இந்த வரிசையில் பாருங்கள். எல்லைக்கோடு எதனால் போடப்பட்டது? இரிடியம், அதிர்ச்சி பட்ட (மோதலின் அழுத்தத்தால் உள்ளே கோடுகள் விழுந்த) குவார்ட்ஸ் என்று தனிச்சான்று இருந்தால் நல்லது. மகரந்தம் மாறிய இடத்தையே எல்லை என்று வைத்து, எல்லையில் மகரந்தம் மாறியது என்று சொல்லியிருந்தால் அது வட்டம்சுற்றல். மாதிரிகளின் இடைவெளி எவ்வளவு? எல்லைக்களி பல இடங்களில் 1, 2 சென்ரிமீற்றர் தடிப்புத்தான். 10 சென்ரிமீற்றருக்கு ஒன்று எடுத்தவருக்கு பன்ன மேடு தப்பிவிட்டால் மேடு இல்லை என்று ஆகாது. எல்லைக்கு இரு பக்கமும் கல் ஒன்றா? கீழே நிலக்கரி, மேலே மணற்கல் என்றால் மாறியது செடியா, படிவா என்று கேளுங்கள்.

பழைய மணிகள் அரித்துவந்து புதுப்படையில் சேர்வதும் உண்டு. எல்லைக்கு மேலே, டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெத்தேசியஸ் காலத்து அக்குவிலாப்பொலனைற்றிஸ் என்ற மகரந்த வகை ஒன்றிரண்டு கிடைத்தால், அது தப்பிப் பிழைத்ததா, ஆறு தோண்டிக் கொண்டுவந்ததா என்று நிறத்தையும் தேய்வையும் பார்க்க வேண்டும். இதை விளங்கிக்கொள்ளக் கொட்டியாரக்குடாச் சேறு உதவும். 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி மலைநாட்டுத் தோட்டங்களின் பைன் மணியை மூதூர்வரை இழுத்துவரக்கூடும். இரு காற்றுப்பை கட்டிய அந்த மணியைக் கண்டு மூதூரில் பைன் காடு இருந்தது என்று யாரும் எழுதமாட்டோம் அல்லவா?

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இன்னொன்று. மடிவு வேறு, அழிவு வேறு. பன்ன மேடு காடு மடிந்ததைக் காட்டுகிறது. இனங்கள் அற்றுப்போயினவா என்பது, மேடு அடங்கிய பிறகு யார் திரும்பி வந்தார்கள் என்பதில் இருக்கிறது. நியூசிலாந்தில் மேடு பெரிது, திரும்பி வராதவை கொஞ்சம். வட அமெரிக்காவின் மேற்கில் மகரந்த வகைகளில் மூன்றில் ஒரு பங்களவு திரும்பவில்லை. அங்கேயே இலைச்சுவடுகள் அதைவிடப் பெரிய இழப்பைக் காட்டுகின்றன. காரணம் எளிது: பல இனங்களின் மகரந்தம் ஒன்றுபோல இருக்கும், பத்து இனம் போய் ஒன்று மிஞ்சினாலும் வழுக்கியில் அந்த வகை இருந்துகொண்டே இருக்கும்.

25.2 கோடி ஆண்டுக்கு முந்திய இன்னொரு பேரழிவான பெர்மியன் காலத்து முடிவு வேறு விதம். அவுஸ்திரேலியாவின் சிட்னிப் படுகையில் குளொசொப்ரெரிஸ் என்ற அற்றுப்போன மரங்களின் காடு, கடல் அழிவுக்கு ஏறத்தாழ 3,70,000 ஆண்டுகள் முன்னதாகவே சரிந்தது என்று 2019இல் காட்டினார்கள். அந்த மரங்களின் கோடு போட்ட இரு பை மகரந்தம் அங்கே மறைகிறது. அக்காலப் படைகளில் நான்காக ஒட்டிப் பிரியாத வித்திகளும் கிடைக்கின்றன, அவற்றைச் சூழல் நெருக்கடியின் அடையாளம் என்று வாதிடுவோர் உண்டு. அன்னமுன்னா வழுக்கியை அப்போது எடுத்துப் பாருங்கள். சில செடிகளுக்கு ஒட்டியிருப்பதே இயல்பு, எனவே அந்த வகை வித்தி வழக்கமாகப் பிரிவதா என்று தெரிந்த பிறகே நெருக்கடி என்று சொல்லலாம்.

கல்லைக் கரைக்கும் வேலை

கல் கிடைத்தாலும் நீங்களே கரைக்க வேண்டாம். சிலிக்கேற்றைக் கரைக்க ஐதரோபுளோரிக்கமிலம் வேண்டும். அது கண்ணாடியைத் தின்னும், தோலினூடாகப் போய் உடலின் கல்சியத்தைப் பிடிக்கும், பட்ட இடம் சில மணி நேரம் வலிக்காமலும் இருக்கும். கல்சியம் குளுக்கோனேற்று களிம்பும் நச்சுப்புகை உறிஞ்சும் கூண்டும் பயிற்சி பெற்றவரும் உள்ள ஆய்வுகூடத்துக்கு மட்டுமே உரியது. நீங்கள் செய்யக்கூடியது அதற்கு முந்திய பாதி: வெளிமுகத்தைப் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, ஓரத்தைச் சீவி எறிந்து, உள்கல்லில் 20 கிராமை உலர்த்தி, 2 மில்லிமீற்றர் துண்டுகளாக உடைத்து, புதுப் பொலித்தீன் பையில் போட்டுக் கொடுப்பது. தூளாக இடித்தால் மணிகளும் உடையும். கரும்பழுப்பு மணிகளை நைத்திரிக்கமிலத்தில் வெளிறச் செய்ய வேண்டுமா என்று கேட்பார்கள். வெளிறச் செய்யாத எச்சத்தில் ஒரு பங்கை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். நேரம் கூடினால் மெல்லிய சுவர் மணிகள் முதலில் கரையும், தடித்த சுவர் வித்திகள் மிஞ்சும். அப்படியும் ஒரு பன்ன மேடு பிறக்கும்.

எச்சத்தைக் கிளிசரினில் சிறு குப்பியில் விட்டு, இடம், ஆழம், திகதி, எடுத்த அளவு என்பவற்றைப் பென்சிலால் எழுதி உள்ளேயே ஒரு துண்டுத் தாளும் போடுங்கள். பேனை மை கிளிசரினில் கரைந்துவிடும்.